கம்பெனி கார்

தொழுத வாய் காய்வதற்குள் ஹமீதா தினமும் ஒரு பொய் சொன்னாள். முசல்லாப் பாயைச் சுருட்டி வைத்து, அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு, மாமனார் படுத்திருக்கும் அறையில் லைட்டைப் போட்டு, "மாமா, எந்திரிங்க. கம்பெனி கார் வருதாம்" என்பாள். அதுவரை என்ன கெஞ்சினாலும் சுவரைப் பார்த்துக் கிடக்கிற மனிதர் உடனே கண்ணைத் திறப்பார். "எத்தனை மணிக்காம்?" என்பார். எட்டு மணிக்கு என்றால், "அப்ப டைம் இல்லையேம்மா" என்று அவராகவே காலைத் தரையில் வைப்பார்.

கம்பெனியும் கிடையாது, காரும் கிடையாது. மரக்காணத்தில் உப்பளத்தைப் பார்த்தபடி முடிகிற அந்தத் தெருவுக்குள் வருகிற பெரிய வண்டி கேஸ் சிலிண்டர் வண்டிதான். அதுவும் திருப்ப இடம் இல்லாமல் பின்னாலேயே போகும். ஆனாலும் ஒரு வருஷமாக அந்த வீட்டின் காலைப்பொழுது இல்லாத ஒரு காரை நம்பித்தான் நடந்தது.

மாமனார் பெயர் ஷம்சுதீன். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் சினிமாவில் இருந்தவர். கூட்டத்தில் ஓரமாக நின்றவர் இல்லை, கதாநாயகன். பேச்சு வந்த வயதிலேயே பாட்டும் வந்துவிட்டதால், சின்னப் பையனாக இருக்கும்போதே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். சாமி வேஷம் கட்டப் போகிறவனுக்கு ஷம்சுதீன் என்ற பெயர் நோட்டீஸில் நன்றாக இருக்காது என்று நாடக வாத்தியார் அவரைப் பூரணசந்திரன் ஆக்கினார். ஷம்ஸ் என்றால் சூரியன் என்று வாத்தியாருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சூரியனைச் சந்திரனாக்கிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த பையனுக்குப் பெயர் வைக்கப் போய்விட்டார்.

முதல் படத்தில் அவர் குட்டி இளவரசன். அப்போதெல்லாம் கேமரா ஓட ஓடப் பாடவேண்டும். தோப்பில் மாமரத்தடியில் பையனை நிறுத்தி, ஆர்மோனியக்காரரை அதே மரத்தின் கிளையில், கேமரா கண்ணில் படாத உயரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பாதிப் பாட்டில் முசுறு எறும்பு ஆர்மோனியக்காரர் வேட்டிக்குள் புகுந்துவிட்டது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, கட் சொன்ன பிறகுதான் கத்தினார். அதற்கப்புறம் பையன் வளர்ந்து, மீசை வந்து, உடைந்த குரல் மறுபடி நன்றாகச் சேர்ந்து கதாநாயகனானான். அரை டஜன் படம். எல்லாப் பாட்டும் சொந்தக் குரல். திருச்சியில் ரயில் நின்றால் ஜன்னலில் முகம் காட்டச் சொல்லி ஜனங்கள் பெட்டியைத் தட்டுவார்களாம்.

இதெல்லாம் ஹமீதாவுக்கு இந்த ஒரு வருஷத்தில்தான் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன் அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஷம்சுதீன் பஜாரில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த பாய், அவ்வளவுதான். பாட மாட்டார். முணுமுணுக்கக்கூட மாட்டார். டீக்கடை ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் எழுந்துபோய், காற்று நிறைந்த டயருக்குக் காற்றடிப்பார். கல்யாணம் ஆன முதல் வாரமே ஹமீதாவின் புருஷன் லியாகத் அலி சொல்லிவிட்டான், "அத்தாகிட்ட சினிமாப் பேச்சு எடுக்காத." ஏன் என்று அவளும் கேட்கவில்லை. புது மருமகள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

அந்த ஏன் என்பதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்காததற்குத்தான் பின்னால் அவள் அவ்வளவு பாடுபட்டாள்.

மாமியார் மவுத்தான பிறகு மாமனாருக்கு ஞாபகம் கழன்றது. கழன்றது என்றால் கடைசியில் வந்தவை முதலில் போயின. ஹமீதாவின் பெயர் போயிற்று. மகன் குவைத்தில் இருப்பது போயிற்று. சைக்கிள் கடை போயிற்று. பெண்டாட்டி இறந்ததும் போய், "அவ எங்கம்மா, இன்னும் மார்க்கெட்ல இருந்து வரலையா?" என்று கேட்கத் தொடங்கினார். எல்லாம் வடிந்த பிறகு அடியில் கிடந்தது ஸ்டுடியோ. அதை மட்டும் காலம் தொடவில்லை.

லியாகத் குவைத்தில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோவான். மகளைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆக வீட்டில் ஹமீதாவும் அவரும்தான். குளிக்க வைப்பது பெரிய யுத்தம். கஞ்சியை வாயில் வைத்தால் துப்புவார். திருப்பிப் படுக்க வைத்தால் கையை ஓங்குவார். ஒரு நாள் நிஜமாகவே அறைந்துவிட்டார். அறைந்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் அவள் கன்னத்தையே பார்த்தார். முதுகில் படுக்கைப் புண் வந்தது. ஹமீதா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனை அல்லாஹ் எடுத்துக்கொண்டால் என்ன என்றும் ஒரு தடவை நினைத்தாள். நினைத்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தாள்.

அப்படியிருந்த ஒரு காலையில் தெருமுனையில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, "கார் வந்துடுச்சா?" என்று கேட்டார். என்ன கார், யார் கார் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. "வந்துட்டே இருக்குது மாமா, குளிச்சிட்டு வாங்க" என்றாள். அவர் எழுந்தார். தானாக எழுந்தார். குளியலறைக்குள் போய், "தண்ணி ரொம்பச் சூடா வேணாம்மா, தொண்டை கட்டிக்கும்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பொய்யிலும் ஹமீதாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குளித்ததும் வெள்ளை ஜிப்பா. முகத்தில் எண்ணெய் கூடாது, மேக்கப் ஒட்டாது என்பார். பாடுவதற்கு முன் வயிற்றில் ஒன்றும் போடக்கூடாது என்பது அவர் சட்டம். அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். "ஸ்டுடியோல இன்னைக்குச் சாப்பாடு லேட்டாகுமாம். கஞ்சி குடிச்சிட்டே வரச் சொன்னாங்க" என்றால் குடித்துவிடுவார். பிறகு நாலு மிளகு, ஒரு கற்கண்டு. கேட்டுக்கு உட்புறம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி மெல்லச் சுருதி பிடிப்பார். குரல் அங்கங்கே கிழிந்திருந்தது. ஆனால் நல்ல புடவை கிழிந்தாலும் கரை தெரியும் இல்லையா, அப்படி இருந்தது. ஒருநாளும் பாடாத மனிதர் தன் வீட்டு வாசலில் பாடுவதைக் கேட்டு ஹமீதா அடுப்படியில் அசையாமல் நின்றாள். இவ்வளவையும் எங்கே வைத்திருந்தார் இத்தனை வருஷமும்?

உப்பளத்தில் வாரி முடித்து வெயில் ஏறும்போது திரும்புகிற சகாயமேரி, கால் விரலிடுக்கில் உப்பு காய்ந்திருக்க, கேட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். "என்னங்கய்யா, கார் வரலையா?"

"வந்துட்டே இருக்குதாம்மா."

"வரும் வரும். பாடிட்டு இருங்க" என்று அவளும் பொய்யில் ஒரு கை போட்டுவிட்டு நடப்பாள்.

இதுவரைக்கும் எல்லாம் சரிதான். மத்தியானம் என்று ஒன்று இருந்ததே, அதுதான் சிக்கல். லுஹர் பாங்கு சொன்னதும் ஹமீதா போய் அடுத்த பொய்யைச் சொல்ல வேண்டும். "மாமா, காரு பஞ்சராம். நாளைக்குத்தான் வருமாம்." ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் பேட்டரி, ஒரு நாள் கதாநாயகிக்குக் காய்ச்சல். ஒரு வருஷத்தில் அந்தக் காருக்கு வராத கோளாறு கிடையாது.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. கோபிக்கவே மாட்டார். "பாவம், டிரைவர் என்ன பண்ணுவான்" என்பார். ஜிப்பாவின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து, "அழுக்காகலை, நாளைக்கும் இதையே போட்டுக்கலாம்" என்று கொடுப்பார். வாங்குகிற நேரத்தில் ஹமீதா அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். பார்க்கத் தெம்பு இல்லை. வாங்கியதும் அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

மனசாட்சிக்கு அவள் பதில் வைத்திருந்தாள். புண் ஆறிவிட்டது. உடம்பில் சதை வைத்திருக்கிறது. புதுச்சேரி டாக்டர், "இந்த வயசுக்கு இவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்களேம்மா" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஆனால் பெண்களுக்கான மார்க்கப் பயானில் பொய் சொல்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்த அன்றைக்கு ஹமீதா ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். சொல்கிற அம்மா தன்னைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, அவர் ராத்திரிக்குள் மறந்துவிடுகிறார், மறந்துபோகிற பொய் என்ன பெரிய பொய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லியாகத் எப்போதும் அத்தா தூங்கின பிறகுதான் போன் செய்வான். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு என்பதால் காலையிலேயே வீடியோ காலில் வந்துவிட்டான். ஹமீதாவுக்குச் சந்தோஷம். நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் பார் என்று போனைத் திருப்பி, குளித்து, தலை வாரி, வெள்ளை ஜிப்பாவில் நாற்காலியில் இருந்தவரைக் காட்டினாள்.

"அத்தா எங்க கிளம்புறாரு?"

அவள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஹாரன் அடித்தது, கம்பெனி கார், பஞ்சர், கதாநாயகிக்குக் காய்ச்சல். அந்தப் பக்கம் சிரிப்பே வரவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று அவள் போனைத் தட்டிப் பார்த்தாள்.

"உள்ள போ ஹமீதா. அவருக்குக் கேக்காத இடத்துக்குப் போ" என்றான் லியாகத். போனாள். "யாரு உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான். ஏன், என்னாச்சு?"

அம்மா சாவதற்கு முன் தனக்கு மட்டும் சொன்னதை லியாகத் சொன்னான்.

கடைசிப் படத்துக்கு ஷம்சுதீன் நாலு பாட்டும் பாடி, ரிக்கார்டிங் முடிந்து, படமும் பாதிக்கு மேல் எடுத்தாகிவிட்டது. அப்போது எல்லாக் கம்பெனியிலும் நடிக்க ஒருத்தர், பாட ஒருத்தர் என்று ஆகிக்கொண்டிருந்த காலம். ஒரு சாயங்காலம் தயாரிப்பாளர் அவர் தோளில் கையைப் போட்டு, "பாட்டுல சின்னச் சின்னக் குறை இருக்குதாம் தம்பி, திரும்ப எடுத்துடலாம். காலையில கம்பெனி கார் வரும், ரெடியா இரு" என்றார். சைதாப்பேட்டை வீட்டில் அவர் விடியும் முன் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, வெறும் வயிற்றோடு வாசலில் உட்கார்ந்தார். கார் வரவில்லை. வண்டி ரிப்பேராக இருக்கும் என்றார். மறுநாளும் உட்கார்ந்தார். அன்றும் வரவில்லை. டிரைவருக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ என்றார். பாடுகிறவன் சாப்பிட்டுவிட்டுப் பாடக்கூடாது என்று தினமும் மத்தியானம் வரை பட்டினி. பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்தாலும் உள்ளே வரமாட்டார். போய்க் கேளுங்களேன் என்றாலும் போகமாட்டார். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வருவார்கள் என்பார்.

படம் வந்தது. திரையில் அவர் வாயசைத்தார், வேறு ஒருத்தர் பாடினார். நாலு பாட்டும். அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளும் அவர் குளித்து ஜிப்பா போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் பெண்டாட்டி அந்த வீட்டைப் பூட்டி, அவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றி மரக்காணத்துக்குக் கூட்டிவந்தாள்.

"அம்மா சாவுற வரைக்கும் வெள்ளை ஜிப்பாவையே அவரு கண்ணுல காட்டல" என்றான் லியாகத். "நீ அவரைத் தினம் அதே மாதிரி உக்கார வெச்சிருக்க. வேணாம். இனிமே கார்ப் பேச்சே எடுக்காத."

போனை வைத்த பிறகு ஹமீதா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் அவர் சுருதி பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், டிரைவர் என்ன பண்ணுவான். அதை அவர் பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று ஒரு வருஷம் நினைத்திருந்தாள். அந்த மனிதரைச் சாகாமல் கொன்ற நாட்களை எடுத்து, தூசி தட்டி, குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, தினம் ஒன்றாக அவருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். தெரியாமல் செய்ததுதான். தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நாக்கூசியது. அந்த மத்தியானங்களில் அவள் அடுப்படிக்கு ஓடினாளே, தெரியாதவள் எதற்கு ஓட வேண்டும்?

அன்று லுஹருக்குப் பின் அவளால் வாயே திறக்க முடியவில்லை. அவராகவே பார்த்துவிட்டு, "இன்னைக்கும் வரலையாம்மா? பரவாயில்ல" என்றார்.

மறுநாள் அவள் காரைப் பற்றிப் பேசவில்லை. "மாமா, எந்திரிங்க" என்றாள். அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். கஞ்சி துப்பப்பட்டது. படுக்கை நனைந்தது. அதற்கடுத்த நாளும் அதே. ஆறின புண்ணைச் சுற்றித் தோல் மறுபடி சிவந்தது. பொய் சொன்னால் அவர் மனசு, சொல்லாவிட்டால் அவர் உடம்பு. எதை எடுத்தாலும் பாவம் அவள் கணக்கில்தான் ஏறும் என்றிருந்தது.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. வராத கார்தானே அவரைக் கொன்றது? ஒரே ஒரு தடவை வந்துவிட்டால்?

லியாகத்திடம் கேட்டாள். முதலில் வேண்டாம் என்றான். பிறகு அவனாகவே அடுத்த நாள் கூப்பிட்டு, "வரட்டும் ஹமீதா. ஒரு தடவையாச்சும் வரட்டும்" என்றான். மாமனாருக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று ஹமீதா சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. தன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது இறங்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

வானூரில் முருகையன் என்று ஒருவர், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் பழைய வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்தார். ஹமீதா விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நானும் ஸ்கூல் டிராமால நடிச்சவன்தான்மா" என்றார். தொப்பி வைத்துக்கொள்ளட்டுமா, கொஞ்சம் இங்கிலீஷ் பேசட்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், வெள்ளைச் சட்டை போதும், நாலு பாட்டையும் திரும்ப எடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். உப்பளம் வழியாக ஈ.சி.ஆர். ரோட்டில் கூட்டிப்போய், கடல் காற்றில் எங்கேயாவது நிறுத்திப் பாடச் சொல்லி, ரிக்கார்டிங் நன்றாக முடிந்தது என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்து விடுவது ஏற்பாடு.

அன்று காலை அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அது உண்மை. அவர் எழுந்தார், குளித்தார், கஞ்சி குடித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மணிக்குத் தெருவுக்குள் அம்பாசிடர் வந்தது. முந்தின கல்யாணத்தின் சாமந்திப்பூ ஒன்று வைப்பரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முருகையன் இறங்கி, தேவைக்கு மேல் குனிந்து கும்பிட்டார்.

"வணக்கம்யா. கம்பெனியில இருந்து வர்றேன். டைரக்டர் ஐயா அனுப்பினாரு. எல்லாரும் ரெடியா உக்காந்திருக்காங்க."

ஷம்சுதீன் எழுந்து, கேட்டைப் பிடித்து வெளியே வந்தார். காரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்குதே. ரொம்ப தூரம் ஓட்டிட்டு வந்தியாப்பா?"

"ஆமாங்கய்யா."

"டீ சாப்ட்டியா?" என்றவர் திரும்பி, "ஹமீதா, டிரைவருக்கு டீ குடும்மா" என்றார்.

ஹமீதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வாயில் அந்தப் பெயர் வந்து எத்தனையோ நாளாயிற்று. அவர் ஏறுவதற்காகத் திறந்த கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"எந்தப் பாட்டு எடுக்கிறாங்க?" என்று கேட்டார் அவர்.

"நாலு பாட்டும்தாங்க. நீங்க பாடினாத்தான் ஆச்சுன்னு டைரக்டர் ஐயா ஒத்தக் கால்ல நிக்கிறாரு" என்றார் முருகையன். கடைசித் துண்டு அவர் சொந்தச் சரக்கு.

கிழவர் தலையை ஆட்டினார். எதையோ மனசுக்குள் பாடிப் பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. அப்புறம் சொன்னார், "வேணாம்ப்பா. அந்தப் பையன் பாடினதே இருக்கட்டும். நல்லாத்தான் பாடியிருக்கான். மூணாவது பாட்டுல மேல்ஸ்தாயி எனக்கு அவ்ளோ சுத்தமா வந்திருக்காது."

முருகையன் ஹமீதாவைப் பார்த்தார். அவர் ஒத்திகையில் இந்த இடம் இல்லை.

"நான் வரலைன்னு சொல்லிடு. கோவமாச் சொல்லாத, தன்மையாச் சொல்லு" என்றார் ஷம்சுதீன். "டீ குடிச்சிட்டு உடனே கிளம்புப்பா. வர்றேன்னு நெனச்சு உக்காந்திருப்பாங்க. காத்திட்டு இருக்கிறது ரொம்பக் கஷ்டம்."

முருகையன் டீயைக் குடிக்காமலே வண்டியைப் பின்னால் எடுத்தார். பெரிய மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார் என்று சகாயமேரி பிறகு வந்து சொன்னாள். மாமனார் உள்ளே வந்து ஜிப்பாவைக் கழற்றி மடித்து ஹமீதா கையில் கொடுத்தார். அன்றைக்கு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அது ஓய்ந்திருந்தது, தெளிவாகவும் இருந்தது. மத்தியானம் மீன் குழம்பு ஊற்றிச் சோறு தின்றார். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கினார். குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஹமீதா லியாகத்துக்குப் போன் போட்டு, நடந்ததை வார்த்தை விடாமல் சொன்னாள். குவைத்தில் அவன் குடோன் ஓரமாக நின்று அழுதான். "அல்ஹம்துலில்லாஹ், நீ பெரிய காரியம் பண்ணிட்ட" என்றான். அவளும் அழுதாள். நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டது, இனி தனக்கு ஒரு குறையும் இல்லை என்றே அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அவளும் கார்ப் பேச்சை எடுக்கவில்லை. பொறுமையாகக் கூப்பிட்டாள். வெந்நீர் வைத்திருக்கிறேன் என்றாள். பேத்தி வருகிறாள் என்றாள். அவர் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. கஞ்சியை வைத்தால் வாயைத் திறக்காமல் அவளையே பார்த்தார். "எதுக்கும்மா?" என்றார். தொழவா, கடை திறக்கவா, பேரப்பிள்ளையைப் பார்க்கவா, எதற்கு என்று சொல்வது? எல்லாவற்றையும்தான் அவர் மறந்தாயிற்றே.

இரண்டு மூன்று நாள் பார்த்தாள். கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில், இனிச் சொல்லவே கூடாது என்று சத்தியம் செய்திருந்ததைச் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, எந்திரிங்க. கம்பெனி கார் வருதாம்" என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"அதான் வந்துச்சேம்மா. நான்தானே வரலைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

தின்ற சோற்றை எழுந்து கை கழுவுவதற்குள் மறக்கிற மனிதர். பெண்டாட்டி செத்ததை மறந்தவர். பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாதவர். மறுநாள் சொன்னாலும் அதைத்தான் சொன்னார். அதற்கு மறுநாளும் அதையேதான் சொன்னார். முருகையனை மறுபடி வரவழைத்துத் தெருமுனையில் ஹாரன் அடிக்கச் சொன்னாள். "யாரோ வந்திருக்காங்க பாரு" என்றுவிட்டு அவர் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். வாழ்நாள் முழுவதும் காத்திருந்த மனிதருக்குக் காத்திருக்க இப்போது எதுவும் இல்லை. இருந்த ஒன்றையும் அவள் வரவழைத்துக் காட்டி, முடித்துவைத்துவிட்டாள்.

லியாகத் டிக்கெட் போட்டுவிட்டான். அவன் வந்து சேரும் வரையாவது தாங்க வேண்டும். சகாயமேரி ஒரு நாள் கேட்டுக்கு வெளியே காலி நாற்காலியைப் பார்த்து நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். ஹமீதா ஸ்பூனில் கஞ்சித் தண்ணீரை அவர் உதட்டோரமாக விட்டாள். பாதி உள்ளே போயிற்று, பாதி தலையணையில் வழிந்தது.

அன்று சாயங்காலம் அஸர் தொழுது முடித்துக் கையேந்தினாள். அவர் ஞாபகத்தைத் திருப்பிக் கொடு என்றுதான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. யா அல்லாஹ், இந்த ஒன்றையும் அவருக்கு மறக்கடித்துவிடு, கார் வந்ததை மட்டும் மறக்கடித்துவிடு என்று கேட்டாள். கேட்ட பிறகும் ஏந்திய கையை முகத்தில் தடவி வேண்டுதலை முடித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அவர் மறந்துவிட்டால், மறுநாள் காலையில் தான் அந்த அறைக்குள் போய் என்ன சொல்வோம் என்பது அவளுக்குத் தெரியும்.